நிறுத்திக்கொண்டவர்கள்

1971-ஆம் ஆண்டு நீலகிரியில் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு புதுவகைச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கினார்கள். கணக்கு கொழுந்து பறிக்கும் பெண்ணின் பேரில். ஒரு மாதம் அவள் கருவுறாமல் இருந்தால் ஐந்து ரூபாய் வரவு வைப்பார்கள். அடுத்த மாதமும் அப்படியே கழிந்தால் இன்னொரு ஐந்து. மூன்றாவது பிள்ளை பிறந்தால் சேர்ந்ததில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு மேலும் பிறந்தால் பிடித்தம் கூடும். பிள்ளை பெறும் வயது முடிந்த பிறகுதான் பணத்தைத் தொடலாம். ரொனால்ட் ரிட்கர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் வகுத்துக் கொடுத்த திட்டம் இது. நடத்தியது உபாசி, குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் சங்கம்.

அதிபர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டால் கணக்கு எளிது. 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு, வைத்தியம், பிள்ளைக் காப்பகம் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. பிரசவ காலத்துக்குச் சம்பளமும் தர வேண்டும். லைன் வீட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் பேரேட்டில் ஒரு செலவு. பிறக்காத குழந்தையால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைத் தாய்க்கே கொடுத்துவிடலாமே என்பதுதான் ரிட்கரின் யோசனை.

இதைப் படிக்கும்போது முதலில் வருவது கூச்சம். ஐந்து ரூபாய் ஏற வேண்டுமென்றால், இந்த மாதம் அவள் வயிற்றில் கரு இல்லை என்பது தோட்டத்தில் யாருக்கோ தெரிந்தாக வேண்டும். யாரோ கேட்க வேண்டும், யாரோ எழுதிக்கொள்ள வேண்டும். அதுவரை வீட்டுக்குள் பெண்களோடு பெண்களாக வைத்துக்கொண்ட ஒரு விஷயம், பறித்த கொழுந்தின் எடையைப் போலப் பதிவேட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஆனாலும் அந்தத் திட்டத்தை ஒரேயடியாகத் திட்டித் தீர்க்க எனக்கு மனம் வரவில்லை. பணம் அவள் பேரில் ஏறியது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எப்படித் தவிர்க்கிறாள் என்பதை அவளிடமே விட்டுவிட்டார்கள். லூப், நிரோத், மாத்திரை, ஆபரேஷன், புருஷனிடமிருந்து தள்ளிப் படுப்பது, எதுவாக இருந்தாலும் ஐந்து ரூபாய் ஐந்து ரூபாய்தான். மாதம் ஒருமுறை அந்தக் கேள்வி அவள் முன்னால் வந்து நின்றது. இந்த மாதம் சொன்ன பதிலை அடுத்த வருஷம் அவள் மாற்றிக்கொள்ளலாம், கொஞ்சம் நஷ்டப்பட்டு. முதலாளியின் லாபக் கணக்கிலிருந்து பிறந்த ஒரு ஏற்பாடுதான், மறுக்கவில்லை. இருந்தும் பின்னால் மாநிலம் முழுக்கப் பரவிய எந்தத் திட்டத்திலும் அந்தக் குணத்தை நான் பார்க்கவில்லை.

பரவியது ஆபரேஷன். 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் ஆபரேஷன் செய்துகொண்ட வீடுகள் 0.1 சதவீதம். மாத்திரை ஒரு சதவீதத்தை எட்டவில்லை, ஆணுறை இரண்டை எட்டவில்லை. காப்பர் டி மட்டும் சற்று மேலே நிற்கிறது. இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் பெண்களின் ஆபரேஷன் 37.9 சதவீதம், நாம் அதைவிட இருபது புள்ளி முன்னால் இருக்கிறோம். ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1.8.

இந்த எண்களைக் காட்டித்தான் தமிழ்நாட்டை முன்மாதிரி என்கிறார்கள். முன்மாதிரிதான், சந்தேகமில்லை. எட்டுப் பெற்று ஐந்தைத் தங்கவைத்த பாட்டிகளின் பேத்திகள் இரண்டு பெற்று இரண்டையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். பிரசவத்தில் போய்விட்டாள் என்ற பேச்சு ஊரில் அபூர்வமாகிவிட்டது. இதைச் சின்ன விஷயம் என்று சொல்கிறவர் அந்தப் பாட்டிகளில் ஒருத்தியையும் அறியாதவராகத்தான் இருக்க வேண்டும். என் மனத்தாங்கல் வேறொன்று. இத்தனை லட்சம் பெண்களிடம் அரசு ஒரே ஒரு முடிவைத்தான் கேட்டது. அதையும் ஒரே ஒருமுறைதான் கேட்டது.

சாதாரணமாக நடப்பது இதுதான். இருபது, இருபத்தொன்றில் கல்யாணம். மூன்றாவது மாதத்திலிருந்தே “விசேஷம் உண்டா?” என்று தெருவே விசாரிக்கத் தொடங்கும். அந்த வருஷம் வேண்டாம், வேலையில் காலூன்றிக்கொள்கிறேன் என்று சொல்ல அவளுக்கு வாயும் இல்லை, கையில் வழியும் இல்லை. தலைச்சன் பிறந்து இரண்டு வருஷத்துக்குள் இளையது. இளையது பிறந்த வார்டிலேயே ஆபரேஷன். அப்போது அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது. இன்னும் இருபது வருஷம் மாதவிலக்கு வந்துபோகப் போகும் ஓர் உடல் தொடர்பான எல்லா முடிவுகளும் அன்றோடு முடிந்துவிடுகின்றன. எப்போது தொடங்குவது என்று கேட்கவில்லை, எவ்வளவு இடைவெளி என்று கேட்கவில்லை. எப்போது நிறுத்துவது என்பது மட்டும் அவள் கையெழுத்துக்கு வந்தது.

இது எப்படி இப்படி ஆயிற்று என்று பின்னோக்கிப் போனால், விசித்திரமாக, ஆண்களிடம் போய் நிற்கிறது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்தவர் ஆர்.ஏ. கோபாலசுவாமி. மூன்று பிள்ளைகளுக்கு மேல் பெறுவதைப் பொறுப்பற்ற தாய்மை என்று வகைப்படுத்தி, நாட்டின் பிறப்புகளில் அது எவ்வளவு என்று கணக்கிட்டது அவருடைய அறிக்கை. தகப்பன்மார் பொறுப்போடுதான் இருந்திருக்கிறார்கள் போலும். அவர்களுக்கு வகைப்பாடு ஏதுமில்லை. ஆனால் அவரே பிறகு சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளரானபோது கத்தியை ஆண்கள் பக்கம் திருப்பினார். ஆணுக்குச் செய்வது சுலபம், செலவு குறைவு, வந்த அன்றே வீடு திரும்பலாம். செய்துகொள்ளும் ஏழை ஆணுக்கு முப்பது ரூபாய். 1950-களின் கடைசியில் இந்தியாவில் வேறெங்கும் இல்லாத வேகத்தில் சென்னை மாநிலத்தில் ஆண்கள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். இன்றைய 0.1 சதவீதத்தைப் பார்க்கிறவருக்கு இது நம்பும்படியாக இருக்காது.

அதைக் குலைத்தது நெருக்கடிநிலை. 1976-77 என்ற ஒரே வருஷத்தில் நாடு முழுக்க 82 லட்சம் ஆபரேஷன்களுக்கு மேல். அதில் 62 லட்சம் ஆண்களுக்கு. வடக்கே பேருந்திலிருந்து இறக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள், ரேஷன் அட்டையை நிறுத்துவோம் என்று மிரட்டினார்கள். 1977 தேர்தலில் ஆட்சி விழுந்தது. அடுத்த வருஷம் ஆபரேஷன்களின் மொத்த எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆண்கள் இரண்டு லட்சம்கூட இல்லை. குடும்பக் கட்டுப்பாடு என்ற துறையின் பெயரைக் குடும்ப நலம் என்று மாற்றினார்கள். எந்த அரசியல்வாதியும் அதன் பிறகு ஆண்களின் இடுப்புக்குக் கீழே கை வைக்கத் துணியவில்லை. பெண்களுக்கு ஆபரேஷன் செய்ய உதவும் லேப்ராஸ்கோப் கருவி அப்போதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. இலக்கு அப்படியே இருந்தது; கட்டிலில் படுத்தவர் மட்டும் மாறினார். ஆண்கள் பட்ட அவமானம் ஓர் ஆட்சியைக் கவிழ்க்கும் அளவுக்கு அரசியலானது. அதற்குப் பின் நாற்பது வருஷம் முகாம்களில் பெண்கள் பட்டது மருத்துவக் குறிப்பாக நின்றுவிட்டது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், சில மணி நேரத்தில், 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து பத்துப் பேருக்கு மேல் இறந்தபோதுதான் நாடு நிமிர்ந்து பார்த்தது. முகாம்களை மூன்று வருஷத்துக்குள் நிறுத்துங்கள் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில், பிரசவத்தை ஒட்டியே செய்துவிடுவதால் அத்தகைய கொடூரம் நமக்கு நேரவில்லை. அந்த வகையில் நம் அரசு மருத்துவமனைகளுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

நம்மிடம் வேறொரு சிந்தனையும் இருந்தது என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். 1928-இல் சென்னையில் நியோ மால்தூசியன் லீக் என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். உயர் நீதிமன்ற நீதிபதி வேப்பா ராமேசம் போன்ற பெரிய மனிதர்கள் அதில் இருந்தார்கள். ஜனத்தொகை, வறுமை, வருங்காலச் சந்ததியின் தரம் ஆகியவை அவர்களுடைய கவலை. அவர்களுடைய இதழ் ஆங்கிலத்தில் வந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1930-இல், ஈரோட்டிலிருந்து குடி அரசு வெளியீடாகப் பெரியாரின் ‘கர்ப்ப ஆட்சி’ தமிழில் வந்தது. உடல்நலத்துக்காக, குடும்பச் செலவுக்காக, சொத்து சிதறாமல் இருப்பதற்காக என்று மற்றவர்கள் சொல்லும் காரணங்களையெல்லாம் பெரியார் ஒதுக்கிவைத்தார். பெண் தன் இஷ்டப்படி வாழ வேண்டும், அதற்குப் பிள்ளைப்பேறு தடையாக இருக்கிறது, ஆகவே கர்ப்பத்தடை வேண்டும். அவர் வாதம் இவ்வளவுதான். எல்லாரும் பெறுவதை நிறுத்திவிட்டால் உலகம் விருத்தியாகாதே என்றவர்களிடம், விருத்தியாகாவிட்டால் பெண்களுக்கு என்ன நஷ்டம் என்று திருப்பிக் கேட்டார். அந்தக் காலத்தில் உலகத்தில் வேறு எங்கும் ஓர் ஆண் தலைவர் மேடையில் நின்று இப்படிக் கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

1967-க்குப் பின் வந்த ஆட்சிகள் பெரியாரின் படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டன. கணக்கைக் கோபாலசுவாமியிடமிருந்து எடுத்துக்கொண்டன. இது கொஞ்சம் கடுமையான வாக்கியம் என்று தெரியும். 1982-இல் விரிவுபடுத்திய சத்துணவு, பெண் எட்டாவது படித்திருந்தால்தான் உதவி என்று 1989-இல் கொண்டுவந்த மூவலூர் இராமாமிர்தம் திருமண உதவித் திட்டம், கிராமத்துக்குக் கிராமம் வந்துபோகும் செவிலியர்கள், மூலைமுடுக்கெல்லாம் ஓடும் பஸ், இவையெல்லாம் சேர்ந்துதான் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தன. ஆபரேஷன் கட்டில் மட்டுமல்ல. ஆனாலும் சுவரெழுத்தில் பெண்ணின் இஷ்டம் என்று எங்காவது பார்த்திருக்கிறோமா? குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணமும் நாம் இருவர் நமக்கு இருவரும்தான்.

சென்னைக்கும் இந்த விஷயத்துக்கும் இன்னொரு தொடர்பு உண்டு, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பெசன்ட் நகர் கடற்கரையில் மாலை நேரத்தில் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அன்னி பெசன்ட் 1877-இல் லண்டனில் குற்றவாளிக் கூண்டில் நின்றது கருத்தடைக்காக. சார்லஸ் நோல்டன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய சிறு புத்தகத்தைச் சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து ஆறு பென்னி விலைக்கு மறுபதிப்புப் போட்டதுதான் குற்றம். ஆறு பென்னி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஏழைப் பெண்ணும் வாங்கிவிடுவாள். தண்டனை மேல்முறையீட்டில் ஒரு சட்ட நுணுக்கத்தால் விழுந்தது. ஆனால் இப்படிப்பட்ட தாயிடம் குழந்தை வளரக் கூடாது என்று நீதிமன்றம் மகளை அவரிடமிருந்து பிரித்துவிட்டது. இவ்வளவையும் கொடுத்தவர், பிரம்மஞான சபையில் சேர்ந்த பிறகு அந்தக் கருத்தையே கைவிட்டு, தான் எழுதிய கருத்தடைப் பிரசுரத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடையாறுக்கு அவர் வந்து சேர்ந்தபோது அந்தப் பழைய பெசன்ட் கூட வரவில்லை. வந்திருந்தால் நம் சரித்திரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பது வீண்தான், ஆனாலும் யோசிக்கிறேன்.

1935 டிசம்பரில், கருத்தடைக்காக அமெரிக்காவில் போராடிய மார்கரெட் சேங்கர் வார்தாவுக்குப் போய்க் காந்தியைச் சந்தித்தார். கருத்தடைச் சாதனங்களை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்த்தார், காந்தி அசையவில்லை. பிரம்மச்சரியம் பேசினார் என்றுதான் இந்தச் சந்திப்பை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே பேச்சில் அவர் இன்னொன்றும் சொன்னார்: பெண்கள் புருஷனிடம் மாட்டேன் என்று சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று. அந்த ஒற்றைக் கருவியைத் தவிர வேறெதையும் அவளுக்குக் கொடுக்க மறுத்தது அவர் பிழை. ஆனால் பின்னால் வந்தவர்கள் மாத்திரை, லூப், ஆபரேஷன் என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் பையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும், பதினெட்டு வயதைக் கடந்த மனைவியின் சம்மதமில்லாமல் புருஷன் கொள்ளும் உறவு பலாத்காரம் ஆகாது என்ற விதிவிலக்கு அப்படியே இருக்கிறது.

அந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் 57.8 என்ற எண் எனக்குப் புரியத் தொடங்குகிறது. அரசு திணித்தது, பெண்கள் படுத்தார்கள் என்று எழுதிவிடுவது எளிது. நம் ஊர்ப் பெண்களைத் தெரிந்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். ஆபரேஷனைத் தேடிப் போனவர்கள் ஏராளம். மாத்திரை அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்தால் அத்தை கண்ணில் படும். ஒரு நாள் மறந்தால் போச்சு. நிரோத் வேண்டுமென்றால் அவன் மனசு வைக்க வேண்டும்; குடித்துவிட்டு வருகிற அன்றைக்கு யாரிடம் எதைச் சொல்வது? லூப் போட்டால் ரத்தம் அதிகமாகப் போகும், களை எடுக்கப் போக முடியாது. புருஷனை ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னால், மூட்டை தூக்குகிறவன், தெம்பு போய்விடும் என்பான். அவன் சொல்லாவிட்டாலும் அவன் அம்மா சொல்வாள். இத்தனையிலும் யாருடைய தயவும் தேவைப்படாதது, ஒருமுறை செய்துவிட்டால் யாராலும் திரும்பப் பிடுங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். கட்டுப்பாடு பண்ணிக்கிட்டேன் என்று சொல்லும்போது பல பெண்களின் குரலில் ஒரு நிம்மதி இருப்பதை நான் கேட்டிருக்கிறேன். ஒரு சண்டையை நிரந்தரமாக முடித்துக்கொண்டவளின் நிம்மதி அது. அவளுக்கு இருந்த நெருக்கடிக்குள் அவள் எடுத்தது புத்திசாலித்தனமான முடிவு. நெருக்கடி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆபரேஷன் ஆன பிறகு புருஷனுக்குப் பயமில்லை. அவளிடம் மறுத்துச் சொல்ல இருந்த ஒரே சாக்கும் போய்விட்டது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அதில் குழந்தைகள் எத்தனை என்பதை மீனவக் குப்பங்களில் யாரும் எண்ணிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு பெற்று, அரசு சொன்னபடி நிறுத்திக்கொண்ட இளம் தாய்மார்களில் சிலர் அன்று காலையில் எல்லாக் குழந்தைகளையும் பறிகொடுத்தார்கள். இருபத்தெட்டு, முப்பது வயதுக்காரிகள். வெட்டிக் கட்டிய கருக்குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷனை இலவசமாகச் செய்து தருவதாக அரசு முன்வந்தது. சிலருக்குப் பலித்தது, பத்திரிகைகளில் கைக்குழந்தையோடு படங்கள் வந்தன. பலருக்குப் பலிக்கவில்லை. அது எல்லாருக்கும் பலிக்கிற சிகிச்சையும் அல்ல. எங்கே, எவ்வளவு வெட்டினார்கள், அவளுக்கு என்ன வயது என்பதையெல்லாம் பொறுத்தது. பிள்ளை இல்லாத வீட்டில் இரண்டாம் கல்யாணம் என்ற பேச்சு எழுந்தால் அந்தப் பேச்சை அவளால் எதை வைத்து எதிர்கொள்ள முடியும்? ஆபரேஷனுக்கு முன் அவளுக்குச் சொல்லியிருப்பார்கள், இது நிரந்தரம் என்று. அவளும் தலையாட்டியிருப்பாள். இரண்டு குழந்தைகள் பக்கத்தில் தூங்கும்போது நிரந்தரம் என்றால் என்ன என்று யாருக்குப் புரியும்?

சுனாமி எப்போதோ ஒருமுறை வருவது, அதை வைத்துக் கொள்கை வகுக்க முடியாது என்று ஓர் அதிகாரி சொல்லக்கூடும். வாஸ்தவம். ஆனால் புருஷன் இறப்பது, விவாகரத்து, மறுமணம், காய்ச்சலில் போகும் குழந்தை, இவையெல்லாம் எப்போதோ வருபவை அல்ல. வருஷக்கணக்கில் காக்கக்கூடிய, வேண்டும்போது எடுத்துவிடக்கூடிய முறைகள் உலகத்தில் இருக்கின்றன. அவற்றை அரசு தயக்கத்தோடே கொடுத்தது. கொடுத்தால் அவள் இடையில் மனசு மாறிவிடுவாள் என்ற பயம். மனசு மாறும் உரிமையைத்தான் அதிகாரம் என்கிறோம் என்பதைச் சுகாதாரத் துறையின் எந்தப் பதிவேட்டிலும் எழுத இடமில்லை.

1992-இல் வந்த பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டியிலும் சேலத்திலும் பெண் சிசுக்களைக் கொன்றுகொண்டிருந்த காலம். அதைத் தடுக்க வந்த நல்ல நோக்கமுள்ள திட்டம். பெண் குழந்தையின் பேரில் அரசு ஒரு தொகையைப் போட்டு வைக்கும். நிபந்தனை: ஆண் குழந்தை இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் குறிப்பிட்ட வயதுக்குள் கருத்தடை ஆபரேஷன் செய்திருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் என்று இருக்கிறது. அந்த ஒருவர் யார் என்பதை 0.1 சொல்லும். மகளுக்குக் கிடைக்கும் வைப்புத்தொகைக்கு அம்மாவின் வயிற்றுத் தழும்பு சான்றிதழ்.

விதிகள் காகிதத்தில் அழகாகவே இருக்கின்றன. பெண்ணின் ஆபரேஷனுக்குப் புருஷனின் சம்மதம் தேவையில்லை என்று மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. கருக்கலைப்புக்கும் அப்படியே, பதினெட்டைக் கடந்தவளென்றால் அவள் சம்மதம் ஒன்றே போதும். வார்டில் நடப்பதோ வேறு. வீட்டுக்காரரைக் கூட்டிவாம்மா, ஒரு கையெழுத்துப் போடட்டும், பின்னால் பிரச்சினை வரக் கூடாது பாருங்கள். செவிலியரைக் குறை சொல்லவும் முடியாது. நாளைக்கு அந்த வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டால் அவர்தான் முன்னால் நிற்க வேண்டும். அதே வார்டில், வலி விட்டு விட்டு வரும் நேரத்தில், “ரெண்டாவதாம்மா? ஆபரேஷனுக்கு எழுதிக்கவா?” என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் வாயில் வரும். பிரசவத்தோடு காப்பர் டி-யும் போட்டு அனுப்பினார்கள், வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்று சொன்ன பெண்ணோடு நானே பேசியிருக்கிறேன். புருஷனிடம் கையெழுத்துக் கேட்கும் இடமும், அவளிடமே கேட்காமல் போடும் இடமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்கள்தான்.

கல்யாணம் ஆகாதவளுக்கு இந்தக் கட்டில்கள்கூட இல்லை. அந்த 2006 நெறிமுறைகள் மணமாகி ஒரு குழந்தையாவது பெற்றவர்களுக்கே உரியவை. கருக்கலைப்புச் சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2021 திருத்தமும், மணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு என்ற 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பெரிய விஷயங்கள். ஆனால் கருவுறாமலே இருப்பதற்கு? உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்த ஒன்று. பெங்களூரில் எந்தத் தெருமுனை மருந்துக் கடையிலும் கிடைக்கும். சென்னையில் கேட்டுப் பாருங்கள். அது வருவதில்லை என்பார்கள். தடை ஆணை ஏதும் இல்லை. ஒழுக்கம் கெட்டுவிடும் என்று எழுந்த எதிர்ப்புக்குப் பின் கடைக்காரர்கள் வாங்கி வைப்பதை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். குடும்பக் கட்டுப்பாட்டில் இந்தியாவுக்கே வழிகாட்டி என்று சொல்லிக்கொள்ளும் மாநிலத்தில் ஒரு மாத்திரைக்காக ஓசூர் தாண்ட வேண்டியிருக்கிறது. இரண்டு குழந்தைகளுக்குத் தாயானவளின் கருக்குழாயை அடைத்துக்கொடுக்க ஓடோடி வரும் அமைப்பு, இருபது வயதுக்காரி ஒருத்தி தன் பாட்டுக்கு ஒரு முடிவெடுப்பதைக் கண்டால் கடையைச் சாத்துகிறது.

இப்போது கணக்கு எதிர்ப்பக்கமாக ஓடத் தொடங்கியிருக்கிறது. தொகுதி மறுவரையறை வந்தால் பிள்ளைகளைக் குறைத்த தென்மாநிலங்கள் நாடாளுமன்றத்தில் இடம் இழக்கும். சொன்னதைக் கேட்டவர்களுக்குத் தண்டனையா என்ற கோபம் நியாயமானது, அதில் எனக்குப் பங்கு உண்டு. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகம் பெறுங்கள் என்றார். அதே மாதம் சென்னையில் ஒரு கூட்டுத் திருமண விழாவில் முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின், பதினாறு பெற்றால் என்ன என்று பாதி வேடிக்கையாகக் கேட்டார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாண மேடையில், முன்பெல்லாம் பொறுத்துப் பெறுங்கள் என்று சொன்னோம், இனி உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். வேடிக்கையோ வினயமோ, பேச்சு மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துத்தான், எண்ணம் டெல்லியைப் பார்த்து. 1951-இல் அதிகம் பெற்றவள் பொறுப்பற்றவள். இன்னும் சில வருஷத்தில் குறைத்துப் பெற்றவளுக்கும் ஒரு வகைப்பாடு கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது.

அந்தப் பந்தல்களில் உட்கார்ந்திருந்த முப்பது வயதுப் பெண்களில் பாதிப் பேருக்காவது, விரும்பினாலும் அந்த அழைப்பை ஏற்க வழியில்லை. மீதிப் பேரில் ஒருத்திக்கு உண்மையிலேயே இன்னொரு குழந்தை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காப்பர் டி-யை எடுத்துவிடச் சொல்லி அவள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், இன்னும் வருஷம் இருக்கேம்மா, அதுக்குள்ள என்ன அவசரம், வீட்டுல கேட்டுட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை தடுப்பூசிக்கு என்று பலகையில் எழுதியிருக்கும். எடுத்துவிட வருகிறவளுக்கு என்று ஒரு கிழமையை எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.